சபையும் சங்கமும்

நீதிமொழிகள் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒருவன் புலம்புகிறான். பெரியவர்கள் சொன்ன புத்தியைக் கேளாமல் அந்நிய ஸ்திரீயின் வாசற்படி ஏறி, சொத்தையும் உடம்பையும் தொலைத்தவன். ஊரும் உறவும் கூடியிருக்கிற இடத்தில் இப்படிக் கெட்டு நிற்கிறேனே என்பது அவன் ஒப்பாரி. அந்தக் கூட்டத்தைச் சொல்ல எபிரேய மூலம் காஹால், ஏதா என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைக்கிறது. நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்களும் எக்ளேசியா, சுனகோகே என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பவை சபையும் சங்கமும்.

ஒரே பொருளை இரு சொல்லால் அடுக்கிச் சொல்வது எபிரேயச் செய்யுளின் இயல்பு. ஆகவே அந்த வரியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தேட வேண்டியதில்லை. ஆனால் சில நூற்றாண்டுகளுக்குள் இந்த இரண்டு கிரேக்கச் சொற்களுக்கும் நடுவே மதில் எழுந்துவிட்டது. எக்ளேசியா கிறிஸ்தவத் திருச்சபைக்கு உரியதாயிற்று. சுனகோகே யூதர் தொழும் இடத்துக்குப் பெயராயிற்று. இரண்டும் எதிரெதிர்ச் சொற்கள் என்று நினைப்பது பிரசங்கங்களிலும் இறையியல் புத்தகங்களிலும் ஊறிப்போன பழக்கம். அந்த எதிர்ப்பு வேதத்தின் சொற்களில் இல்லை, பின்னால் வந்த வரலாற்றில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் எக்ளேசியா. இது பக்தியோடு ஒட்டிப் பிறந்த சொல் அல்ல, அரசியல் சொல். ஏதென்ஸ் நகரத்தில் வயதுவந்த ஆண் குடிமக்கள் எல்லாரும் கூடிச் சட்டம் போடவும் போர் அறிவிக்கவும் உரிமையுள்ள மக்கள் மன்றத்துக்கு அதுதான் பெயர். நிக்ஸ் என்ற குன்றின்மேல் கூடினார்கள், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 தடவை. சில தீர்மானங்களுக்கு 6,000 பேராவது வாக்களிக்க வேண்டும். ஜனங்கள் சந்தையில் பேச்சு வளர்த்துக்கொண்டு வராமல் இருந்தால், செஞ்சாயம் தோய்த்த கயிற்றை இருபுறமும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்களைக் குன்றுப் பக்கம் ஒதுக்குவார்கள். அந்தக் கயிற்றுக்குத் தப்பி ஓடுகிறவர்களை அரிஸ்தோபனீஸ் கி.மு. 425-இல் அரங்கேறிய தன் நாடகத்தில் கேலி செய்திருக்கிறார். பிற்பாடு கூட்டத்துக்கு வந்தால் கூலி என்றும் ஆயிற்று: முதலில் ஒரு ஒபோல், சில ஆண்டுகளில் மூன்று. பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகியோருக்கு இடமில்லை.

சுனகோகே அதைவிட வெகு சாதாரணமான சொல். 'ஒன்றாகக் கொண்டுவருதல்' என்பதே அதன் பொருள். எதை வேண்டுமானாலும் ஒன்றாகக் கொண்டுவரலாம். கிரேக்க ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் கட்டளையிட்டதும் தண்ணீரெல்லாம் சேருவது ஒரே சுனகோகேயில்தான். யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தில் விளைச்சலைக் களஞ்சியம் சேர்க்கிற பண்டிகை சுனகோகேயின் பண்டிகை. 68-ஆம் சங்கீதத்தில் காளைமாடுகளின் மந்தைக்கும் அதே சொல். இந்தக் காளைகள் பின்னால் பெரிய வம்புக்குக் காரணமாகப் போகின்றன.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் மோசேயின் ஐந்து நூல்களையும் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்று பெயர் பெற்றது அது. இஸ்ரவேலர் கூட்டத்துக்கு எபிரேயத்தில் இருந்த இரண்டு சொற்களில் ஏதாவை அவர்கள் பெரும்பாலும் சுனகோகே என்றே பெயர்த்தார்கள். ஒருபோதும் எக்ளேசியா என்று பெயர்க்கவில்லை. காஹாலை என்ன செய்தார்கள் என்பதில்தான் சுவாரசியம். ஆதியாகமம் முதல் எண்ணாகமம் வரை எக்ளேசியா என்ற சொல்லே கிடையாது. அங்கே காஹாலும் பெரும்பாலும் சுனகோகேதான். உபாகமத்துக்கு வந்ததும் திடீரென்று எக்ளேசியா தலைகாட்டுகிறது. ஓரேப் மலையடியில் ஜனங்கள் நின்று கடவுளின் சத்தத்தைக் கேட்ட நாள் 'எக்ளேசியாவின் நாள்' ஆகிறது. 23-ஆம் அதிகாரத்தில் யார் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்ற விதி 'கர்த்தருடைய எக்ளேசியா'வைப் பற்றியது. வேறொரு கை உபாகமத்தைப் பெயர்த்தது என்பதே இதற்கு எளிய விளக்கம். ஒருவருக்குப் பிடித்த சொல் இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதே உபாகமத்தின் 5-ஆம் அதிகாரத்தில், அதே மலையடிவாரக் கூட்டத்தைச் சுனகோகே என்றும் எழுதியிருக்கிறார்கள்.

எக்ளேசியா புனிதமான சொல், சுனகோகே வெறும் கூட்டம் என்று பேசுகிறவர்கள் சங்கீத புத்தகத்தைக் கிரேக்கத்தில் புரட்டிப் பார்க்க வேண்டும். 22-ஆம் சங்கீதத்தில் பாடுகிறவனை வளைத்துக்கொள்வது பொல்லாதவர்களின் சுனகோகே. நான்கு சங்கீதம் தாண்டி 26-இல் அவன் வெறுப்பது பொல்லாதவர்களின் எக்ளேசியா. பொல்லாதவர்களுக்கு இரண்டு சொல்லும் தாராளமாகப் பொருந்தியது. தமிழில் இரண்டு இடத்திலும் கூட்டம் என்றே இருக்கிறது, நல்ல பெயர்ப்பு.

இங்கே ஒரு பிரபலமான விளக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எக்ளேசியா என்றால் 'வெளியே அழைக்கப்பட்டவர்கள்', உலகத்திலிருந்து பிரித்து அழைக்கப்பட்ட கூட்டம் என்று நம் ஊர் மேடைகளில் கேளாதவர் இருக்க முடியாது. எக் என்றால் வெளியே, கலேயோ என்றால் அழைக்கிறேன், ஆகவே இப்படி. வேர் சரிதான், முடிவு தவறு. எண்ணெய் என்பது எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல். அதற்காகத் தேங்காய் எண்ணெயில் யாரும் எள்ளைத் தேடுவதில்லை. பவுலின் காலத்துக்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எக்ளேசியா என்றால் கிரேக்கனின் காதில் விழுந்தது 'மன்றம்' என்பது மட்டுமே. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களில் ஒருவரும் அந்தச் சொல்லை வேர் பிரித்து விளக்கவில்லை. இந்தப் பிரசங்கத்துக்கு ஆதாரமாக எடுப்பது வழக்கமாக இருளிலிருந்து அழைத்தவரைப் பற்றிப் பேசும் 1 பேதுரு 2-ஆம் அதிகாரம். வேடிக்கை என்னவென்றால், அந்த நிருபம் முழுவதிலும் எக்ளேசியா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். எக்ளேசியா 114 இடங்களில் வருகிறது, சுனகோகே 56 இடங்களில். நான்கு சுவிசேஷங்களில் மத்தேயு மட்டுமே எக்ளேசியா என்கிறார், அதுவும் இரண்டே வசனங்களில் (16:18, 18:17). பவுலின் நிருபங்களில் சுனகோகே என்ற சொல்லே இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு பக்கம் யூதர், மறுபக்கம் கிறிஸ்தவர் என்று கணக்குத் தீர்த்துவிடலாம் போலத் தோன்றும். இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது நிற்காது.

அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணமே அமளிப்படுகிறது. வெள்ளியில் சின்னச் சின்னக் கோவில்கள் செய்து விற்கும் தெமேத்திரியு, பவுலின் பிரசங்கத்தால் பிழைப்புக் கெட்டுப்போகும் என்று தன் தொழிலாளிகளைத் தூண்டிவிடுகிறான். எல்லாரும் அரங்கசாலைக்குள் பாய்ந்து இரண்டு மணி நேரம் ஆர்த்தெமிஸ் தேவியின் பெயரைக் கூவுகிறார்கள். பாதிப்பேருக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியாது. லூக்கா இந்தக் கலகக் கும்பலை எக்ளேசியா என்கிறார். பட்டணத்துச் சம்பிரதி எழுந்து, வழக்கு இருந்தால் சட்டப்படி கூடும் எக்ளேசியாவில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அடக்கி, கடைசியில் அந்த எக்ளேசியாவைக் கலைத்து அனுப்புகிறார். ஒரே சம்பவத்தில் மூன்று தடவை அந்தச் சொல். மூன்றிலும் கிறிஸ்தவ வாடையே இல்லை. எபேசின் நகர மன்றம் அந்த அரங்கசாலையில் கூடியது என்பதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு: கி.பி. 104-இல் சலுத்தாரிஸ் என்ற செல்வந்தர் எழுதிவைத்த அறக்கட்டளைக் கல்வெட்டு, எக்ளேசியா கூடும்போதெல்லாம் தாம் கொடுத்த சிலைகளை அரங்கில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்கிறது. அதே லூக்கா நடபடிகளின் ஏழாம் அதிகாரத்தில் ஸ்தேவான் வாயாக, மோசேயோடு வனாந்தரத்தில் இருந்த இஸ்ரவேலரையும் எக்ளேசியா என்கிறார்.

மறுபக்கம் யாக்கோபு நிருபம். பொன்மோதிரம் போட்ட ஒருவனும் கந்தை உடுத்த ஒருவனும் உள்ளே வருகிறார்கள். மோதிரக்காரனுக்கு நல்ல இடம், கந்தைக்காரனுக்குக் காலடி. யாக்கோபு கடிந்துகொள்கிறார். இது நடப்பது எங்கே? 'உங்கள் சுனகோகேயில்' என்கிறது மூலம். அவர் பேசுவது இயேசு கிறிஸ்துவில் விசுவாசம் வைத்தவர்களிடம். அதே யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், வியாதிப்பட்டவன் எக்ளேசியாவின் மூப்பர்களை அழைக்கட்டும் என்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே நிருபம், ஒரே ஜனங்கள். கூடுவது சுனகோகேயில், மூப்பர் எக்ளேசியாவுக்கு. அவருக்கு இதில் முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. எபிரெயர் நிருபம் கூடிவருதலைக் கைவிடாதிருங்கள் என்று சொல்லும் இடத்திலும் இருப்பது சுனகோகேயின் உடன்பிறப்பான எபிசுனகோகே.

வெளிப்படுத்தல் நூலில் சிமிர்னாவுக்கும் பிலதெல்பியாவுக்கும் எழுதிய கடிதங்களில் வரும் 'சாத்தானின் சுனகோகே' என்ற கடுஞ்சொல்லை எடுத்துக் காட்டுவார்கள். பல நூற்றாண்டுகள் யூதர்மேல் வீசப்பட்ட கல் அது. எழுதியவர் வாதத்தைக் கவனியுங்கள்: அவர்கள் தங்களை யூதர் என்று சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் யூதர் அல்ல என்பதே குற்றச்சாட்டு. யூதர் என்ற பெயர் அவருக்குக் கௌரவம். கிரேக்க எண்ணாகமத்தில் வரும் 'கர்த்தருடைய சுனகோகே' என்ற தொடரைத்தான் அவர் திருப்பிப் போட்டுக் குத்துகிறார். இது ஒரே வீட்டுக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை.

அப்படியானால் இயேசுவைப் பின்பற்றியவர்கள் ஏன் எக்ளேசியாவைப் பிடித்துக்கொண்டார்கள்? பெரிய இறையியல் காரணத்தைத் தேடுவதற்கு முன் கல்வெட்டுகளைப் பார்ப்பது நல்லது. லிபியாவின் பெங்காசியில், அன்றைய பெரெனீக்கேயில், நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டில் (கி.பி. 55-56) வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. அவ்வூர் யூதச் சமூகம், சுனகோகேயைப் பழுதுபார்க்கப் பணம் கொடுத்தவர்களின் பெயரைப் பொறிக்கத் தீர்மானித்தது என்று அது சொல்கிறது. தீர்மானித்த சமூகமும் சுனகோகே, பழுதுபார்த்த கட்டடமும் சுனகோகே. எருசலேமில் 1913-14 அகழாய்வில் ரேமோன் வெய் கண்டெடுத்த தெயோதோத்தோஸ் கல்வெட்டு இன்னும் தெளிவு. பரம்பரையாகச் சுனகோகேத் தலைவராக இருந்த குடும்பத்துக் குருவான தெயோதோத்தோஸ், நியாயப்பிரமாணத்தை வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் சுனகோகேயைக் கட்டினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் செய்தார். கி.பி. 70-இல் கோவில் அழிவதற்கு முன்பே அந்தச் சொல் ஆட்களிடமிருந்து சுவருக்கு நகர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு இவை போதும். கப்பர்நகூம் நூற்றுக்கதிபதி யூதருக்குச் சுனகோகே கட்டிக்கொடுத்தான் என்று லூக்கா 7-இல் படிக்கிறோமே, அதுவும் கட்டடம்தான்.

பவுலின் ஜனங்களிடம் கட்டடம் இல்லை. பிரிஸ்கில்லா-ஆக்கில்லா வீடு, பிலேமோன் வீடு என்று வீடுகளில் கூடினார்கள். சுனகோகே என்ற பெயர் பல ஊர்களில் ஏற்கெனவே இன்னொரு கூட்டத்துக்கும் அதன் கட்டடத்துக்கும் சொந்தமாகிவிட்டது. எக்ளேசியா காலியாக இருந்தது. வேதத்தில் ஓரேப் மலையடிவாரம் அதற்குப் பின்னணி. பட்டணத்தில் மக்கள் மன்றத்தின் கம்பீரம் அதற்குப் பின்னணி. குடியுரிமை இல்லாத பெண்ணும் அடிமையும் உள்ளே உட்கார்ந்த ஒரு கூட்டம் தன்னை 'தேவனுடைய எக்ளேசியா' என்று அழைத்துக்கொண்டதில் கொஞ்சம் துணிச்சல் இருக்கிறது. யூதரிடமிருந்து விலகுவதற்காக அந்தப் பெயரை எடுத்தார்கள் என்பதற்கு நான் ஆதாரம் காணவில்லை. எடுத்ததே யூத வேதத்திலிருந்து.

ஆனால் அந்தச் சொல்லும் சுவருக்கு நகராமல் இல்லை. இரண்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அலெக்சாண்டிரியாவின் கிளமென்ட், தாம் எக்ளேசியா என்பது இடத்தை அல்ல, தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் கூட்டத்தை என்று வற்புறுத்துகிறார். யாரும் இடத்தை அப்படிச் சொல்லாவிட்டால் மறுக்க வேண்டிய தேவை என்ன?

இரு சொற்களும் கலந்து புழங்கியதற்குச் சான்றுகள் பின்னாலும் நிறைய. இரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தியோகியா ஆயர் இக்னாசியு, பொலிகார்ப்புக்கு எழுதிய கடிதத்தில் சுனகோகேக்களை அடிக்கடி கூட்டும்படி அறிவுரை சொல்கிறார். சொல்வது கிறிஸ்தவக் கூட்டங்களை. எல்லாவற்றையும் தூக்கியடிப்பது சிரியாவில் தமாஸ்குவுக்குத் தெற்கே தெய்ர் அலியில் கிடைத்த கல்வெட்டு. லெபாபா கிராமத்து மார்சியோனியரின் சுனகோகே என்று கட்டடத்தின் பெயரைச் சொல்கிறது; ஆண்டு கி.பி. 318-319. மார்சியோன் யார்? யூத வேதம் வேண்டாம், அதில் வரும் கடவுளும் வேண்டாம் என்று சொல்லி ரோமாபுரியில் சபையை விட்டு விலக்கப்பட்டவர். யூத வாடையே ஆகாத அந்த மனிதரின் சீடர்கள், அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, தங்கள் ஆலயத்து வாசலில் சுனகோகே என்று வெட்டிவைத்தார்கள். சொல்லுக்கு அந்த எதிர்ப்பு இயல்பாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சிரியாக் மொழி இன்னொரு திசையில் போயிற்று. பெஷித்தா மொழிபெயர்ப்பில் திருச்சபைக்கு ஏத்தா, யூதர் கூடத்துக்கு கெனூஷ்தா. ஏத்தா எபிரேய ஏதாவின் உறவுச்சொல். எழுபதின்மர் ஒருபோதும் எக்ளேசியா என்று பெயர்க்காத அதே ஏதா. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் கேட்டுவரும் சொல் அது. மறுபக்கம், கெனூஷ்தாவுக்கு உறவான க்னெசெத் இன்று இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் பெயர். கிரேக்கரின் மக்கள் மன்றம் கிறிஸ்தவக் கோவிலாயிற்று. யூதரின் கூட்டச்சொல் மக்கள் மன்றமாயிற்று. மலையாளிகள் இந்தச் சிக்கலே வேண்டாமென்று கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் மூவரின் இடத்தையும் பள்ளி என்று சொல்லிவிட்டார்கள். 1568-இல் மட்டாஞ்சேரியில் எழுந்த பரதேசி சினகாக்கும் அவர்களுக்கு யூதப்பள்ளிதான்.

மதில் எங்கே எழுந்தது? அதன் கற்களில் பெரியது அகுஸ்தீனுடையது. சங்கீதங்களுக்கு எழுதிய விளக்கவுரையில் அவர் இரண்டு சொற்களின் வேரையும் பிடித்து இழுத்தார். எக்ளேசியா அழைத்துக் கூட்டுவது, அழைப்பைக் கேட்டுப் புரிந்துகொண்டு வருவது மனிதர் இயல்பு. சுனகோகே ஓட்டிச் சேர்ப்பது, ஆடுமாடுகளை அப்படித்தான் சேர்க்கிறோம். நான் முன்னே சொன்ன காளைமந்தை இப்படித்தான் தொழுவத்தை விட்டு வெளியே வந்தது. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர் தம் சொற்பிறப்புக் களஞ்சியத்தில் இதை அப்படியே எடுத்து எழுதினார். ஐரோப்பா முழுவதும் படித்தது. சொல்லின் வேரைத் தோண்டிப் பொருள் சொல்லும் வித்தை மேடையில் தீங்கற்றதுபோலத் தெரியும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தின் தெற்கு வாசலில் சுமார் 1230-இல் நிறுத்திய இரண்டு பெண் சிலைகள் கலைநயத்துக்குப் பேர்போனவை. எக்ளேசியாவுக்குக் கிரீடமும் சிலுவையும் கிண்ணமும். சினகோகாவுக்குக் கண்ணில் கட்டு, கையில் முறிந்த ஈட்டி. இலக்கணக் குறிப்பு ஒன்று சிற்பமாகிவிட்டது. வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகே இந்தப் போக்கு மாறியது. அதன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 2015-இல், பிலடெல்பியாவின் புனித யோசேப்பு பல்கலைக்கழகத்தில் இருவரும் சமமாக அருகருகே உட்கார்ந்திருக்கும் சிலையை வைத்தார்கள்.

ஆங்கிலேயரின் சண்டை வேறு வகை. டிண்டேல் 1526-இல் எக்ளேசியாவை 'கூட்டம்' என்ற பொருளில் பெயர்த்ததும் தாமஸ் மோர் சீறினார். கூட்டம் என்றால் ஆயருக்கும் அதிகாரத்துக்கும் என்ன வேலை என்பதே உள்ளுக்குள் இருந்த பயம். ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுத்த விதிகளில் மூன்றாவது, 'சர்ச்' என்ற பழைய சொல்லை மாற்றக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. 1611-இல் வந்த வேதாகமம் அதற்குக் கீழ்ப்படிந்தது.

தமிழ் இந்த வம்பில் ஓரளவு தப்பித்தது. 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பில் இஸ்ரவேலரும் சபையார், கொரிந்து கிறிஸ்தவரும் சபையார். ஸ்தேவான் சொல்லும் வனாந்தரக் கூட்டமும் சபைதான். கிரேக்கம் படித்த அறிஞர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய தொடர்ச்சியைத் தமிழ் வாசகர் ஒரே சொல்லில் கேட்டுவிடுகிறார். சுனகோகேயில்தான் சறுக்கல். சுவிசேஷங்களில் அது ஜெப ஆலயம், வெளிப்படுத்தலில் கூட்டம், யாக்கோபில் வெறும் ஆலயம். முதல் இரண்டும் அந்தந்த இடத்துக்குச் சரி. மூன்றாவது சரியில்லை. ஆலயம் என்றதும் நம் வாசகர் மனத்தில் எழுவது மணிக்கூண்டும் பீடமும் வைத்த கட்டடம். யாக்கோபு கண்டதோ அருகருகே உட்கார இடம் போதாத ஒரு கூடுகை. அதைவிடப் பெரிய நஷ்டம், யூதர் கூடத்துக்கும் கிறிஸ்தவர் கூட்டத்துக்கும் ஒரே பெயர் இருந்த காலத்தின் தடயம் நம் வேதாகமத்தில் அந்த ஒரு வசனத்தில் அழிந்துபோவது. அடுத்த திருத்தப் பதிப்பைத் தயாரிக்கிறவர்கள் அங்கே 'உங்கள் கூடுகை' என்று போடலாம். அதற்கு மனம் வராவிட்டால், மூலத்தில் இருப்பது ஜெப ஆலயம் என்று பிற இடங்களில் பெயர்த்த அதே சொல் என்று ஓர் அடிக்குறிப்பாவது சேர்க்க வேண்டும்.